மழைக்கு முன் முப்பத்தெட்டு மீட்டர்

ஜனவரி 11, ஞாயிறு

மழை இல்லை. காலையில் பனி மட்டும். பனியை நான் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்றிலிருந்து இந்த நோட்டில் பாதை வேலை மட்டும் எழுதப்படும். சொந்த விஷயங்களுக்கு இது இடமில்லை.

பாதை விவரம்: கீழே மெயின் ரோட்டிலிருந்து என் வீட்டு வாசல் வரை நீளம் முப்பத்தெட்டு மீட்டர், அகலம் மூன்று, ஏற்றம் ஏழு. தார் போட்டு இருபத்தொரு வருடம். இந்த வால்பாறை மலையில் சொந்த வீட்டுக்குச் சொந்தத் தார்ப்பாதை வைத்திருக்கும் டீ பேக்டரி ரிட்டயர்டு பிட்டர் நான் ஒருவன்தான். பாதையைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களின் பார்வை பட்டோ என்னவோ, இப்போது பாதை பழுதாகிவிட்டது.

பழுதின் விளைவு: என் மனைவி லூர்தம்மாள், வயது எழுபத்தொன்று, நவம்பர் ஒன்பதாம் தேதி மாதா கோயிலுக்குப் புறப்பட்டவள் பாதி இறக்கத்தில் விழுந்தாள். இடுப்பெலும்பு. தகடு வைத்தார்கள். இப்போது பொள்ளாச்சியில் மகள் பெனிட்டா வீட்டில் இருக்கிறாள். விழுந்ததற்குக் காரணம் பாசியும் தேய்ந்த செருப்பும். ஆஸ்பத்திரியில் நானே இதைத் தெளிவாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

பெனிட்டா இன்று போனில் பேசினாள்.

"அப்பா, ஜூன்ல மழை பிடிச்சா நாலு மாசம் விடாது. அதுக்குள்ள பாதை சரியாகணும். இல்லன்னா அம்மா இங்கதான். இந்த வருஷத்துக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. இனி எப்பவுமே இங்கதான். கீழ் ரூம்ல கட்டில் போட்டாச்சு."

"ஜூனா? பிப்ரவரியில முடிச்சுக் காட்டுறேன்."

"முடிச்சிட்டுச் சொல்லுங்க."

பெற்ற தகப்பனிடம் ஒப்பந்தக்காரனிடம் பேசுவது போலப் பேசுகிறாள். யாரிடம் படித்தாளோ.

ஜனவரி 14

பொங்கல். யாரும் வரவில்லை. கால அட்டவணை போட்டேன்.

முப்பத்தொரு வருடமாக மழையை நானே அளந்து எழுதி வருகிறேன். அந்த நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்ததில்: ஜனவரியில் குளிர் அதிகம், தார் ஒட்டாது. பிப்ரவரி உத்தமம். மார்ச் பரவாயில்லை. ஏப்ரலில் மத்தியானத்துக்கு மேல் கோடை மழை. மே சூதாட்டம். ஜூன் வந்தால் பேச்சே இல்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி, செவ்வாய், காலை ஒன்பது மணி என்று குறித்துவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அந்தத் தேதியில் இரண்டே இரண்டு முறைதான் மழை பெய்திருக்கிறது. இயற்கைக்கு ஆட்சேபணை இல்லை. மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜனவரி 19

பொள்ளாச்சியிலிருந்து தார் வேலைக் காண்டிராக்டர் காளிங்கன் வந்தான். கழுத்தில் துண்டு, கையில் இரண்டு போன். பாதையில் ஏறும்போதே இரண்டு முறை சறுக்கினான். நடக்கத் தெரியாதவன் ரோடு போடுகிறான்.

பாதி வழியில் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் தாரை அழுத்தினான். விரல் உள்ளே போனது. மோந்து பார்த்தான்.

"ஏனுங்க ஐயா, வண்டி ஏதாவது இங்க நின்னு எண்ணெய் ஒழுகுச்சுங்களா?"

"வண்டியா? வண்டியை வித்துப் பத்து வருஷமாச்சு. எண்ணெய் நான்தான் பூசுறேன். வருஷம் ஒரு தடவை, மே மாசம், மழைக்கு முன்னால. கழிவு ஆயில் ரெண்டு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு. கழுவிக் காயவச்சு பிரஷ்ல இழுக்கணும். இருபத்தோரு வருஷமா ஒரு தடவைகூடத் தவறலை."

அவன் எழுந்து என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கலை. முப்பத்துநாலு வருஷம் டீ பேக்டரியில மெஷினுக்கு எண்ணெய் விட்டவன்யா நான். ஈரத்துல கெடாத பொருள் ஒண்ணுதான் உண்டு. எண்ணெய் பூசின பொருள்."

"அது இரும்புங்க ஐயா. இது தாருங்க. தாரும் எண்ணெயும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ஒண்ணு மேல ஒண்ணை ஊத்துனா ரெண்டும் கூடிக்கும். கல்லைப் பிடிச்சுட்டு இருக்கிற வேலைய மறந்துபோயிருமுங்க. இருபத்தோரு வருஷமா நீங்க ரோட்டைக் கரைச்சுட்டு இருந்திருக்கீங்க."

இதைக் கீழ் வீட்டுக் கமலவேணி டீச்சர் தன் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரிட்டயர்டு ஆசிரியை. காதை மட்டும் ரிட்டயர் ஆக விடவில்லை.

இந்த அழுக்குத் தாரை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட முடியும் என்றான் காளிங்கன். அதெல்லாம் வேண்டாம், மேலேயே போடு என்றேன். ஒரு மழை தாங்காது, நான் பொறுப்பில்லை என்றான். பொறுப்பு என்னுடையது என்றேன். தாரை இங்கேயே டிரம்மில் காய்ச்சிக் கலக்கலாம் என்றான். நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ரோடு இன்ஜினியரிங் புத்தகத்தை எடுத்துக் காட்டி, கீழே பிளாண்டில் கலந்த கலவைதான் வேண்டும் என்றேன்.

"நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றதுக்குள்ள ஆறிப்போகுமுங்க ஐயா."

"புத்தகத்துல நூத்திநாப்பது டிகிரின்னு போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவர் லாரியில ஏறி வந்திருக்காருங்களா?"

தேதி மட்டும் ஒப்புக்கொண்டான். பிப்ரவரி பத்து.

ஜனவரி 20

காளிங்கனின் அறியாமையை நிரூபிக்கச் சோதனை ஆரம்பம். இரண்டு பால்பவுடர் டப்பா. ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழ அளவு தார் உருண்டை. ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் என் எண்ணெய்க் கலவை. மூடிமேல் தேதி எழுதினேன்.

ஜனவரி 23

மூன்றாம் நாள். தண்ணீர் டப்பா: மாற்றமில்லை. எண்ணெய் டப்பா: மாற்றமில்லை என்றே சொல்லலாம்.

ஜனவரி 27

எண்ணெய் டப்பாவில் உருண்டை சற்று உட்கார்ந்திருக்கிறது. வெயில் பட்ட இடத்தில் வைத்தது தவறு. இடம் மாற்றினேன்.

பிப்ரவரி 10

மழை இல்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஒன்பது மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை.

பதினொரு மணிக்குக் காளிங்கன் போன்.

"ரோலர் எஸ்டேட் ரோட்டுல மாட்டிக்கிச்சுங்க ஐயா. இந்த மலைக்கே ஒரே ஒரு ரோலருங்க. முகூர்த்த மாசத்துல நாதஸ்வரக்காரரைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடிக்க வேண்டியிருக்குது."

முப்பத்தொரு வருட மழைக் கணக்கில் ரோலருக்கு ஒரு பத்தி இல்லை. அது என் குறையல்ல.

பிப்ரவரி 17

ரோலர் எஸ்டேட்டிலிருந்து வந்துவிட்டது. டிரைவர்தான் தன் அண்ணன் மகளின் சீருக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 26

இன்று எல்லாம் கூடி வந்தது. ரோலர் காலை எட்டு மணிக்கே கீழே நின்றது. டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு அதன் நிழலில் படுத்திருந்தார். ஆட்கள் எட்டுப் பேர். பாதையைக் கூட்டி வைத்திருந்தேன். கலவை லாரி ஆறு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பியது.

லாரி வரவில்லை. பத்தரைக்குப் போன் செய்தால் டிரைவர் கிசுகிசுத்தான்.

"ஆனை நிக்குதுங்க. ஒத்தை ஆனை. நடு ரோட்டுல. ஆரன் அடிக்கக் கூடாதுங்க, பேசவும் கூடாது, வெச்சர்றேன்."

லாரி வந்தபோது மணி ஒன்று இருபது. தார்ப்பாயை விலக்கினால் ஆவி என்று சொல்ல ஏதுமில்லை. காளிங்கன் மண்வெட்டியை வீசினான். மண்வெட்டி திரும்பி வந்தது.

"பாத்தீங்களா ஐயா? இதைப் போட்டா ரோடு வராது, கடலை மிட்டாய்தான் வரும்."

"கொஞ்சம் சூடு இருக்கு. போடு."

"போட மாட்டேனுங்க. சும்மாவே உங்க எண்ணெய் மேல எதுவும் நிக்காது. இதுல ஆறின கலவை வேற. அந்த ஆனை உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்குது."

லாரி திரும்பிப் போயிற்று. ரோலரும் போயிற்று. டீச்சர் கேட்டில் நின்றார்.

"என்ன பிட்டர் சார், விருந்தாளிங்க எல்லாம் சாப்பிடாமலே போறாங்க?"

"யானை குறுக்க வந்துடுச்சு டீச்சர்."

"பாவம் யானை. இன்னைக்கு அது மாட்டுச்சா?"

அதில் அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை. டீச்சரும் லூர்துவும் தினம் சாயங்காலம் போனில் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

மார்ச் 3

லூர்து போன் செய்தாள். தடியூன்றி வாசல் வரை நடக்கிறாளாம். தேதி தள்ளிப்போன காரணங்களை வரிசையாகச் சொன்னேன். எஸ்டேட், சீர், யானை.

கேட்டுவிட்டு, "ரோடு கெடக்கட்டும். வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

மழைக் கணக்கைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். சிக்னல் கோளாறு.

மார்ச் 9

லூர்துவை டாக்சியில் நேராக வாசல் வரை கொண்டுவந்தால் என்ன என்று ஸ்டாண்டில் கேட்டேன். ஒருவனும் என் பாதையில் ஏற மாட்டானாம். போன வருடம் ஒருவன் ஏறும்போது வண்டி பின்னாலேயே வழுக்கி டீச்சர் கேட்டில் போய் உட்கார்ந்தது. அவனுக்குக் கிளட்ச் பிடிக்கத் தெரியவில்லை என்று நான் அன்றே சொல்லியிருந்தேன். அதற்கு ஸ்டாண்டே கோபித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 14

எண்ணெய் டப்பாவில் உருண்டை இல்லை.

குச்சியால் கலக்கிப் பார்த்தேன். கறுப்புக் கஞ்சி. தண்ணீர் டப்பாவில் உருண்டை போட்டபடி இருக்கிறது. எடுத்துத் தரையில் போட்டால் டொக்கென்று சத்தம் வருகிறது.

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்வது முறையாகாது. இரண்டு டப்பாவையும் பின்பக்கக் குழியில் போட்டு மூடினேன்.

மார்ச் 15

ஒன்றும் இல்லை.

மார்ச் 22

காளிங்கன் போனை எடுப்பதில்லை. கூப்பிட்டது பதினேழு முறை. பதினெட்டாவது முறை எடுத்து, "ஐயா, சுரண்டுறதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா வர்றேனுங்க," என்று சொல்லி வைத்துவிட்டான். மிரட்டலுக்குப் பணிகிறவன் நானில்லை. பேக்டரியில் மூன்று மேனேஜர்கள் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

அதிகாலை பஸ் பிடித்துப் பொள்ளாச்சி போனேன். மருமகன் வீட்டு உறவுக்காரர்கள் ஒரு பட்டாளம். லூர்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். முகத்தில் மட்டும் பழைய பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டின்போது சம்பந்தியம்மா, "எப்படிண்ணே விழுந்தாங்க?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை. பாசியைப் பற்றிச் சொன்னேன். மலையில் ஈரம் எத்தனை சதவீதம் என்று சொன்னேன். தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு இறக்கத்தில் நடக்கக் கூடாது என்பதை எல்லோருக்கும் பயன்படும்படி எடுத்துச் சொன்னேன்.

லூர்து சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"பெனிட்டா, அந்தச் செருப்பை எடுத்துட்டு வாடி."

"அம்மா, சாப்பிடுற நேரத்துல..."

"எடுத்துட்டு வா."

கொண்டுவந்தாள். பாலித்தீன் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றியபோது போட்டுக் கொடுத்த பை.

"அக்டோபர்ல மாதா திருவிழாவுக்கு வாங்கினது. ஆறு ஞாயித்துக்கிழமை போட்டிருப்பேன். எல்லாரும் பாருங்க. எங்க தேய்ஞ்சிருக்குன்னு இவர் காட்டட்டும்."

யாரும் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் எல்லோரும் பார்த்தார்கள். சம்பந்தியம்மா பாயசம் வேண்டுமா என்று கேட்டார். அடிப்பாகம் புதுசாகத்தான் இருந்தது, கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது தவிர. புதுச் செருப்பும் வழுக்கும். இது தெரிந்த விஷயம். அங்கே சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் லூர்து மெதுவாகச் சொன்னாள்:

"டாக்டர்கிட்ட நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. இடுப்புதான் ஒடைஞ்சிருந்துச்சு. காது நல்லாத்தான் இருந்துச்சு."

"பழுது பாதையில. பாதையைச் சரி பண்ணிடுறேன்."

"பாதைக்காகவா நான் வராம இருக்கேன்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாற்பது வளைவும் அந்தக் கேள்வியோடு வந்தேன். பாதைக்காக இல்லை என்றால் பெனிட்டா ஏன் ஜூன் என்று தேதி சொன்னாள்? பெண்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசிக் குழப்புகிறார்கள்.

ஏப்ரல் 7

பதிவுக்காக மட்டும் எழுதுகிறேன்.

போன வருடம் மழை நீண்டுகொண்டே போனதால், மே மாதப் பூச்சு போதாது என்று, நவம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை இன்னொரு கை பூசினேன். வெயில் அடித்தது. அருமையான நாள். லூர்து சமையலறை ஜன்னலிலிருந்து, "நாளைக்குக் கோயிலுக்குப் போகணுமே, இன்னைக்கு எதுக்குங்க பூசுறீங்க?" என்றாள். காலைக்குள் காய்ந்துவிடும் என்றேன்.

இரவில் தூறல். ஏழு மில்லிமீட்டர்.

இது பதிவு மட்டுமே. இதிலிருந்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

ஏப்ரல் 12

காளிங்கனுக்குப் போன் செய்து சுரண்டச் சொன்னேன். காரணம் வேறு. பழைய தார்மேலேயே போட்டால் பாதை மட்டம் வாசல்படிக்கு மேல் உயர்ந்து மழைத்தண்ணீர் உள்ளே வரும். இதை அவனிடமும் விளக்கினேன்.

"ஆமாங்க ஐயா, மட்டம் உயர்ந்துருமுங்க," என்றான். சிரிக்கிறானோ என்று கவனித்தேன். போனில் தெரியவில்லை.

ஏப்ரல் 20

மழை 22 மி.மீ. மத்தியானம் இரண்டு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல வந்தது.

ஏப்ரல் 21

மழை 31 மி.மீ.

மே 5

சுரண்டும் வேலை. ஆறு பேர் கடப்பாறையோடு வந்தார்கள். கடப்பாறை தேவைப்படவில்லை. மண்வெட்டியே போதுமானதாக இருந்தது. தார் தோசைபோல உரிந்து வந்தது. அடியில் எண்ணெய் தேங்கி மினுமினுத்தது.

காளிங்கன் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பிழிந்து காட்டினான். "இதை வாணலியில போட்டா பஜ்ஜி சுடலாமுங்க ஐயா."

ஆட்கள் சிரித்தார்கள். நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். சிரிக்கிறவர்கள் வாயில் டீ இருந்தால் சிரிப்பு குறையும்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. இப்போது பாதை முழுக்க அடிக்கல் மட்டும், பல் தெரியச் சிரிப்பது போல. பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. இருபத்தொரு வருடம் கண்ணாடிபோல வைத்திருந்த பாதை.

எடுத்த குப்பையை லாரியில் ஏற்றும்போது பாதி இறக்கத்துத் துண்டை மட்டும் நானே தூக்கிப் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை. கனமாகத்தான் இருந்தது.

மே 8

தாரை இங்கேயே டிரம்மில் காய்ச்சலாம் என்று சொல்லிவிட்டேன். யானைகள் நடமாட்டம் அதிகமாக இருப்பதால் இந்த முடிவு.

ரோலர் இருபத்தைந்தாம் தேதிதான் கிடைக்குமாம். அதுவரை ரோலருக்கு மூன்று எஸ்டேட், ஒரு ரிசார்ட்.

மே 16

மழை 44 மி.மீ. தண்ணீர் கல் இடுக்கில் இறங்கிப் போய்விடுகிறது. முன்பு மேலே ஓடி டீச்சர் வாசலில் தேங்கும். பத்து வருடமாக அதற்காக அவரோடு சண்டை. இன்று அவர் வாசல் காய்ந்திருக்கிறது. குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் போனது இதுவே முதல் தடவை.

மே 21

பெனிட்டா போன். இந்த வருடம் தென்மேற்கு மழை சீக்கிரம் என்று டிவியில் சொன்னார்களாம்.

"அப்பா, முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. அம்மாவோட பீரோவை எப்ப எடுக்க வரட்டும்?"

"பீரோவைத் தொடாதே. இருபத்தஞ்சாம் தேதி தார். இருபத்தெட்டு உங்கம்மா வீட்டுல இருப்பா."

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க." போனைக் கொடுத்தாள்.

"லூர்து, இருபத்தஞ்சு கடைசித் தேதி. அதுக்கு மேல மாறாது. அதுவரைக்கும் வந்துடாதே. இப்ப வெறும் கல்லு. கால் வைக்க முடியாது."

"டீச்சர் வேற மாதிரி சொன்னாங்களே," என்றாள்.

டீச்சருக்கு ரோடு இன்ஜினியரிங் தெரியுமா என்று கேட்டேன்.

மே 23, சனி

எழுத நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்து நல்ல மழை. பத்து மணிக்குக் கீழே டாக்சி சத்தம். குடையோடு வாசலுக்குப் போனேன். டாக்சி டீச்சர் வீட்டு முன்னால் நின்றது. முன்சீட்டில் லூர்து.

"ஏறாதேய்யா! ஏறாதே! கல்லு!" என்று இரண்டு கையையும் ஆட்டினேன். குடை பறந்துபோயிற்று.

டிரைவர் இறங்கிப் பாதையைப் பார்த்தான். காலால் கல்லை உதைத்துப் பார்த்தான். அந்தக் கிளட்ச் பிடிக்கத் தெரியாதவனேதான். திரும்பி ஏறி உட்கார்ந்தான். வண்டி முதல் கியரில், கொட்டுகிற மழையில், ஓரிடத்திலும் சறுக்காமல், முப்பத்தெட்டு மீட்டரும் ஏறி வந்து என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"நல்லா புடிச்சுக்குதுங்கய்யா," என்றான். "மொதல்லயே இப்படி வெச்சிருக்கலாமுல்ல?"

லூர்து தடியோடு இறங்கினாள். நனைந்து நிற்கும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பையை எடுக்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. டிரைவரிடம் சொன்னாள்:

"தம்பி, பை வண்டியிலயே இருக்கட்டும். மாத்துச் சேலை மட்டும் எடுத்துக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. திரும்பிப் போறதா இல்லையான்னு அதுக்குள்ள போன் பண்றேன்."

உள்ளே வந்து சமையலறையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் சொன்னதை எழுத வேண்டியதில்லை.

சாப்பிட்டபின் ஜன்னலருகே உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது இப்படியே இருக்கட்டும்," என்றாள்.

"எப்படி இருக்கும்? திங்கக்கிழமை தார் போடுறோம். ரோலர் சொல்லியாச்சு. அஞ்சு மாச வேலை லூர்து. உனக்காகத்தான்."

"தாரு வேண்டாம்."

"ஏன்?"

"தாரு போட்டா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க."

எண்ணெய் விடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு என் சத்தியத்தின் விலை தெரிந்திருக்கிறது.

"நீங்க கேட்டதே இல்ல," என்றாள். "எப்படி விழுந்தேன்னு என்கிட்ட கேட்டதே இல்ல. எல்லாருக்கும் நீங்களே சொன்னீங்க."

மழை: 61 மி.மீ. சாயங்காலம் அளக்க மறந்து மறுநாள் காலை அளவோடு சேர்த்து எழுதியது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

மே 24, ஞாயிறு

இன்று மழை விட்டு வெயில். தார் போட இதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடைக்காது. இதை எழுதி வைக்கிறேன்.

மாற்றுச் சேலை நாற்காலி முதுகில் மடித்துக் கிடந்தது. லூர்து மேசையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா இரண்டு முறை போன் செய்தாள். "இன்னும் ஒண்ணும் தெரியல," என்று இரண்டு முறையும் சொன்னாள். எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

மத்தியானம் மூன்றுக்குக் காளிங்கன் கூப்பிட்டான். எடுக்காதவன் இன்று அவனாகவே கூப்பிடுகிறான்.

"ஐயா, ரோலர் வந்துருச்சுங்க! ஒரு நாள் முன்னாடியே! ரிசார்ட்டுல வேலை நின்னுபோச்சு. தாரு, ஜல்லி, டிரம்மு எல்லாம் ரெடி. நாளைக்கு விடியறதுக்குள்ள அடுப்பு மூட்டிரலாமுங்களா?"

ஐந்து மாதம் கெஞ்சிய ரோலர். லூர்து நிமிரவில்லை. மொச்சை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தது.

"வேண்டாம்," என்றேன்.

"என்னங்க ஐயா? சரியா கேக்கலைங்க."

"வேண்டாம்னேன். ரோலரைத் திருப்பி அனுப்பு."

"ஏனுங்க, என் மேல ஏதாவது கோவமுங்களா? சுரண்டுனதுல ஏதாவது..."

"உன் மேல ஒண்ணும் இல்ல. சுரண்டினது சரிதான்." போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். "கேட்டுக்கோ. பாசி இல்ல. செருப்பும் இல்ல. நான் எண்ணெய் பூசினேன். வேண்டாம்னு சொல்லியும் பூசினேன். மறுநாள் காலையில அதுல வழுக்கித்தான் என் வீட்டம்மா விழுந்தா. ஆஸ்பத்திரியில மாத்திச் சொன்னேன். இனி இந்த வீட்டுக்குத் தார் கிடையாது."



"அது எனக்கு ஜனவரியிலயே தெரியுமுங்களே ஐயா," என்றான்.

"உனக்காகவாய்யா சொன்னேன்? போனை வை."

வைத்தேன்.

லூர்து கடைசி மொச்சையை உரித்து முடித்தாள். தோலைக் கூட்டி ஒதுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்," என்றாள். "டீச்சர் வீட்டுல டிவி ஓடுது."

எழுந்து வாசலுக்குப் போனேன். இன்னொரு தடவை சொன்னேன். கீழே டிவி நின்றது. அதனால் மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

உள்ளே வந்தபோது லூர்து டாக்சிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா தம்பி, பையைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில கோயிலுக்குப் போகணும், அதுக்கும் வந்துருங்க. ... மழையா? பெய்யட்டும். நீங்க மேல வரைக்கும் வாங்க."